ஏலத்தில் கேட்ட பிள்ளை

சேசு மரி சூசை

மாரண்டஹள்ளி
12-10-1967

அன்பும் மரியாதையும் உள்ள ராஜமேரி அண்ணிக்கு, உங்கள் தம்பி பெண்சாதி ராயம்மாள் எழுதுவது. நீங்களும் அண்ணனும் கோலாரில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்தீர்களே, அதுவே பெரிது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எப்போதும் கோயில் உபதேசியார் மகள்தான் எழுதிக் கொடுப்பாள். இதை அவளிடம் சொல்லி எழுதச் சொல்ல வாய் வரவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே மழை பரவாயில்லை. ராகி கதிர் வாங்கியிருக்கிறது. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உங்கள் தம்பிக்கு இருமல் விட்டபாடில்லை. நம் பிள்ளை அந்தோனியம்மாவை மண்ணில் வைத்த பிறகு அவர் என்னைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். அக்காவுக்கு ஒரு கடிதம் போடுங்கள் என்று நான்தான் கேட்டேன். "பேசுன வாயி உன்னுது, நீயே எழுது" என்றார். இந்த மாதத்தில் அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அந்தோனியார் திருவிழாவுக்கு எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு போனோமே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று காலையில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பது உங்களுக்கும் தெரியும். நீங்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தீர்கள். ராட்டினத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுற்றினீர்கள். எனக்குத் தலை சுற்றும் என்று நான் கீழே நின்றேன். ஜவ்வு மிட்டாய்க்காரனிடம் அவள் கையில் மிட்டாய்க் கடிகாரம் கட்டச் சொன்னீர்கள். அவள் அதைத் தின்னவே இல்லை. கையைத் தூக்கியபடியே கடைகடையாக நடந்தாள். மணி என்ன என்று யார் கேட்டாலும் "மணி பத்து" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தீர்கள். பொரிக்கடைக்காரன் நாலு தடவை கேட்டுக் கேட்டுச் சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் ஏலம். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு பிறந்தவள் அவள். மூன்று வயது முடிந்தால் அந்தோனியாருக்கே கொடுத்து ஏலத்தில் மீட்டுக்கொள்கிறேன் என்று நேர்ந்துகொண்டவள் நான்தான். வேற்றாள் ஒருவர் முதலில் கேட்க வேண்டும், அதற்கு மேல் பெற்றவர்கள் கேட்டு வாங்க வேண்டும். யாரும் கேட்காத பிள்ளையைச் சாமிக்குக் கொடுத்ததாகவே ஆகாது. இதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணி. தெரியாமல் பேசிவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

உபதேசியார் அவளைக் கோயில் படியில் நிறுத்தி மூன்று தடவை கூவினார். கூட்டம் கடைகளையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் நீங்கள், "நான் கேக்கறேங்க, ஒரு ரூவா" என்றீர்கள். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் இரண்டு கையையும் நீட்டி உங்கள் மேல் பாய்ந்தாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள், "அடி ராயி, சாமியே தீர்ப்பு சொல்லிட்டாரு, உன் புள்ள கோலாருக்கு ரயிலேறப் போவுது!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள்.

உங்கள் தம்பி மேலே கேட்பதற்குள் நான் பிள்ளையைப் பிடுங்கினேன். அத்தனை பேர் முன்னால், "மலட்டுக் கையால எம்புள்ளயத் தொடாத" என்றேன். அந்தச் சொல்லை இங்கே எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதாவிட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். நீங்கள் கண் வைத்துவிட்டீர்கள் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னேன். அப்படி எல்லாம் நான் நினைக்கவே இல்லை. அவள் உங்களிடம் பாய்ந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கிணற்றடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவள் கையில் இருந்த கடிகாரத்தை முந்தானையை நனைத்துத் தேய்த்துக் கழுவினேன். ஊர் வந்து சேரும்வரை அழுதாள்.

ஆவணியில் தொண்டை அடைத்துக் காய்ச்சல் வந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் அந்த வெறுங்கையைத் தூக்கிப் பார்த்து, "மணி பத்து" என்றாள். இதை உங்கள் தம்பியிடம்கூட நான் சொல்லவில்லை.

தந்தி கண்டு ஓடி வந்தீர்கள். மஞ்சள் கவுன் கொண்டுவந்தீர்கள். அத்தை போடும் கடைசித் துணி. அதற்கும் நான் குறுக்கே படுத்துக்கொண்டு உங்களை வாசலோடு நிறுத்தினேன். கல்லறைத் தோட்டத்திலும் உள்ளே விடவில்லை. வெளியே புளியமரத்தடியில் அந்தப் பொட்டலத்தோடு நின்றீர்கள். எல்லோரும் போன பிறகு தனியாகப் போய் ஒரு பிடி மண் போட்டீர்களாம். குழி வெட்டிய பச்சியப்பன் போன வாரம்தான் சொன்னான். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாமியாரிடம் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாதியில் பிடுங்கியதற்கு அந்தோனியார் பிள்ளையை எடுத்துக்கொண்டாரா என்று கேட்டேன். அப்படிச் செய்கிறவர் இல்லை என்றார். ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஆனால் நான் அந்தச் சொல்லைச் சொன்னது சாமியாரை அல்லவே.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். நீங்கள் வர வேண்டும். அந்தக் கவுனைக் கோலாரில் வேறு பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். இருந்தால் கொண்டுவாருங்கள். ஓசூர் பஸ் வந்து நிற்கும் இடத்தில் உங்கள் தம்பி வண்டியோடு நிற்பார். நான் சொன்னது பொய் என்று குள்ளம்மாள் முன்னாலேயே, எல்லோரும் கேட்கச் சொல்கிறேன். மன்னித்தேன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். சொல்லச் சொல்லிக் கேட்க எனக்கு முகம் இல்லை.

அவளுக்கு முதல் மெழுகுவத்தி அத்தை கையால்தான் ஏற்ற வேண்டும். நீங்கள் வரும்வரை நான் உள்ளே போகமாட்டேன். வெளியே அந்தப் புளியமரத்தடியில் நிற்பேன். பொழுது சாய்ந்தாலும் நிற்பேன் அண்ணி.

அண்ணனுக்குச் சுரங்கத்தில் ஒரு குறையும் வராமல் மாதா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
ராயம்மாள்