கை நீண்ட ரவிக்கை

வடக்குப்பட்டு,
12.8.1991

அன்புள்ள அம்மாவுக்கு, சசிகலா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

பி.சி.ஜி. ஊசி காசநோயை எவ்வளவு தடுக்கிறது என்று அறிய, வீடு வீடாகப் பிள்ளைகளின் இடது கைத் தழும்பைப் பார்த்து எழுதுகிறேன். நேற்று செந்தாமரை என்ற அக்கா, காசநோய் மூளைக்கு ஏறி இறந்த மகளையும் எழுதச் சொன்னார்.

"கண்ணால பார்க்காம எழுதக் கூடாதுக்கா."

"ஊசி போட்டும் பூட்டாளே, அத்த எழுத வேணாமா? தோ, இங்கதாம்மா இருந்துச்சி" என்று என் தழும்பின் மேலேயே விரலை வைத்து அழுத்தினார். நான் எழுதவில்லை. குளித்த பிறகும் அந்த விரல் அங்கேயே இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

முழங்கை வரை நீண்ட ரவிக்கை இரண்டு தைத்து அனுப்புங்கள். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

அம்மா, மூன்று வயதில் போன நம் ரஞ்சனிக்குத் தழும்பு இருந்ததா? தங்கையின் முகம் நினைவிருக்கிறது. கை நினைவில்லை.

சசி