ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்த வீடு

இராயபுரம்,
19-11-1955

என் அருமை மகள் கிருபைக்கு அப்பா எழுதுவது.

ஆண்டவர் தயவால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் இந்த மழைக்கு எங்களோடு ஒத்துப்போக மறுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் ஜாம்ஷெட்பூரில் நலம் என்பதை ஒன்றரை வரியில் சொல்லிவிட்டு மீதி மூன்று பக்கமும் என்னைக் கேலி செய்திருக்கிறாய், அந்த மூன்று பக்கம் எழுதத் தெம்பு இருந்ததைக் கொண்டே நீ சுகம்தான் என்று தெரிந்துகொண்டேன். வீடு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் படிக்காமல் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் ஓடுவாய், ஆகையால் நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்வேன்.

நாம் குடியிருக்கும் இந்த வீட்டை இடித்துத் தோல் கிடங்கு கட்டப்போகிறார் ஹபீபுல்லா சாயபு என்பது உனக்குத் தெரியும். ஜனவரி முடிவதற்குள் காலி செய்து தர வேண்டும். அவர் நல்ல மனிதர், ஒருநாளும் கடிந்து பேசியதில்லை, ஆனால் போன மாதம் வாசலில் பார்த்தபோது, "கிளார்க் ஐயா, நீங்க வூடு பாத்து முடிக்கறதுக்குள்ள நான் கெடங்கு கட்டி அதுவும் பழசாயிடும் போலக்கீதே" என்று சிரித்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மாதவரத்தில் ஒரு மனை பார்த்தேன், அங்கே மாட்டுச் சாணத்தின் வாடை எந்த மாதத்தில் எவ்வளவு வரும் என்று நான் நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது அது விற்றுப்போயிற்று. மாத்தூரில் ஒன்று, மழைக்குத் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன், மழைக்குப் பிறகு போனால் வேறொருவர் வேலி போட்டுக் கத்தரி பயிரிட்டிருந்தார், நல்ல காய். ஒவ்வொரு முறை நான் தயங்கும்போதும் விலை ஒரு படி ஏறிவிடுகிறது. என் சேமநிதிப் பணத்துக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புத்தான் மிச்சம் என்று எனக்கே தெரிந்திருந்தது, அதையும் விட்டால் உன் அம்மா இந்த வயதில் யாரோ ஒருவர் வீட்டின் ஒண்டுக் குடித்தனத்தில் குழாயடியில் முறைக்கு நிற்க வேண்டும். அதை நினைத்துப் பல நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, உனக்கு எழுதினால் நீ கவலைப்படுவாய் என்று எழுதவில்லை.

இந்த நிலையில்தான் திருவொற்றியூர் வீடு வந்தது. மூன்று வருஷம் முன்பு நாம் குடும்பத்தோடு போனபோது அங்கே சவுக்குத் தோப்பும் மணலும்தானே பார்த்தோம், இப்போது போனால் உனக்கு வழி தெரியாது. தொழிற்சாலைகள் வரிசையாக எழும்புகின்றன, எங்கு பார்த்தாலும் சுண்ணாம்பு அடித்த மனைக் கற்கள், நேற்று இல்லாத டீக்கடை இன்று இருக்கிறது. பொன்னுரங்கம் என்பவர் அந்தப் பக்கத்து மீன்பிடிக் குப்பத்துக்காரர், வாடகைக்கு விடலாம் என்று இரண்டு அறையும் சமையற்கட்டும் வைத்து ஒரு ஓட்டு வீடு கட்டி, இப்போது பெரிய படகும் வலையும் வாங்குவதற்காக அதை விற்க நினைத்தார். நான் நோட்டுப் புத்தகத்தில் முப்பத்தொரு கேள்விகள் எழுதி வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். ராமசுப்பு முதலாளியின் ஜவுளி மண்டிக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுக்க வாரத்தில் ஆறு நாளும் வண்ணாரப்பேட்டைக்குப் போய்விடுகிறேன், ஆகையால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அதே வெள்ளைக் கோட்டோடு பஸ் ஏறி ஒன்பது ஞாயிறு போனேன். கிணற்று நீரை மருந்துப் புட்டியில் கொண்டுவந்து நிறம், மணம், ருசி என்று தனித்தனியாகக் குறித்தேன். உன் அம்மா புட்டியைப் பிடுங்கி, அந்தத் தண்ணீரில் ஒரு பிடி துவரம்பருப்பை வேகவைத்து, பருப்பு குழைந்ததும் "நல்ல தண்ணி, போதும்" என்று சொல்லிவிட்டாள், என் மூன்று பக்கக் குறிப்பு அந்தப் பருப்போடு கரைந்தது. மற்றபடி ஒன்பது வாரமும் என் நோட்டில் ஒரே மாதிரிதான் இருக்கிறது: சத்தம் இல்லை. புகை இல்லை. கடற்காற்று சுத்தம். லாரி ஒன்று, நின்றுகொண்டிருந்தது.

முப்பது வருஷம் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் கூச்சலில் வேலை செய்தவனுக்கு அந்த அமைதியைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது அம்மா. கடைசிக் காலத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் படிக்கலாம் என்ற ஒரே ஆசைதான். ஒன்பதாம் ஞாயிறு பொன்னுரங்கத்தின் கையில் அச்சாரம் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பின்பக்கக் குடிசையிலிருந்து ஓர் அம்மாள் மீன் கூடையைக் கழுவி ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பொன்னுரங்கத்தின் தங்கை கோவிந்தம்மா. "இன்னா நைனா, வாரா வாரம் வெள்ளக் கோட்டு மாட்டிகினு வந்து சுத்திச் சுத்திப் பாக்கறியே, கோயிலு கட்டப் போறியா?" என்று கேட்டாள். இல்லை, குடியிருக்கத்தான் என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அப்ப ஏன் சங்கு ஊதாத நாளாப் பாத்து வர்றே? ஞாயித்துக்கெயம கம்பெனி லீவு. ஒரு திங்கக்கெயம வந்து பாரு, அப்பால துட்டு குடு" என்றாள். கிருபை, உன் அப்பா முப்பத்தொரு கேள்வி எழுதினேன், தொழிற்சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. நீ இப்போது சிரிப்பது இங்கே கேட்கிறது.

ராமசுப்பு முதலாளியிடம் திங்கட்கிழமை லீவு கேட்டேன். தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை, மண்டியில் நிற்க இடமில்லை. "முப்பது வருசமா கப்பல் சங்கு கேட்ட மனுசன், இன்னொரு சங்கு கேக்கதுக்கு லீவு கேக்கீரே வே" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு விடிந்ததும் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆலைச் சங்கு ஊதியது, என் குடை கையிலிருந்து விழுந்தது. சைக்கிள்கள், சைக்கிள்களுக்குப் பின்னால் லாரிகள், லாரிகளுக்குப் பின்னால் தூசி. வீட்டுக்குள் போய் நின்றால் ஒவ்வொரு லாரிக்கும் ஜன்னல் கம்பி நடுங்குகிறது. ஒன்பது மணிக்குக் காற்று திரும்பிப் புகை நேராக ஓட்டின்மேல் இறங்கியது, சலவைக் கோட்டில் கரி படிந்தது. நான் கிணற்றடியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, எழுத ஒன்றும் இல்லாமல் மூடிவிட்டேன். இந்த வீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், அதாவது நான் எப்போதும் செய்யும் முடிவு.

உன் அம்மாவைக் காணவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கோவிந்தம்மாவின் குடிசையிலிருந்து வாயில் வெற்றிலையோடு வந்தாள், நான் கேட்டதற்கு விருந்தாளிக்குக் கொடுத்தால் மறுக்கக்கூடாது என்றாள். வந்தவள் சொன்னது இது. வீட்டின் தென்பக்கம் நாலடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது, அது இந்த வீட்டோடு சேர்ந்த நிலம். குப்பத்துப் பெண்கள் கரையில் மீனை எடுத்து அந்தச் சந்து வழியாகத்தான் பெரிய ரோட்டுக்கு ஓடி பஸ் பிடிக்கிறார்கள். நாம் வாங்காவிட்டால் வாங்குவதற்குக் கிடங்கு கட்டும் ஒருவன் அதிக விலையோடு காத்திருக்கிறான், அவன் வந்தால் எல்லையோடு எல்லை மதில் எழுப்பி மேலே முள்கம்பி போடுவான், அதன்பிறகு அவர்கள் தொழிற்சாலை மதிலைச் சுற்றி ஒரு மைல் நடக்க வேண்டும், கூடைமீன் அதுவரை காத்திருக்காது. அப்படியிருக்க ஏன் எங்களிடம் சங்கைப் பற்றிச் சொன்னாய், வாயை மூடிக்கொண்டிருந்தால் நாங்கள் வாங்கியிருப்போமே என்று உன் அம்மா கேட்டாளாம். அதற்குக் கோவிந்தம்மா, "நல்லாக் கீதும்மா நீ சொல்றது! தெரியாம வாங்கிட்டு தெனிக்கும் உன் வூட்டுக்காரரு மூஞ்சத் தூக்கி வெச்சுகினு குந்தியிருப்பாரு, பக்கத்துலயே இருந்துகினு அத்த யாரு பாக்கறது? எனக்கு மீனு கூடை தூக்கவே பேஜாரு" என்று சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு உன் அம்மா என்னைப் பார்த்து, "நான் வீட்டைப் பாத்தாச்சு. நீங்க பாக்கத நிறுத்துனா வாங்கிரலாம்" என்றாள்.

அடுத்த நாள் மாலை பொன்னுரங்கத்திடம் போய்ச் சுற்றி வளைத்துத் தொழிற்சாலை, காற்றின் திசை, என் வயது என்று ஏதேதோ சொன்னேன். அவர் வலையைப் பின்னிக்கொண்டே கேட்டுவிட்டு, "வாணாம்னா வாணாம்னு சொல்லேன் நைனா, இதுக்குப் போய் இம்மாம் பேச்சா? அச்சாரத்த வாங்கினு போ" என்று மடியை அவிழ்த்தார். நீட்டிய பணத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் திருப்பித் தரத் தேவையில்லாத அச்சாரத்தைத் திருப்பித் தருகிறார், தங்கை தன் வழியே அடைபட்டுப்போகும் என்று தெரிந்தும் உள்ளதைச் சொல்கிறாள். என் முப்பத்தொரு கேள்வியில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி இல்லை கிருபை. வைத்துக்கொள்ளுங்கள், பத்திரத்துக்கு நாள் பாருங்கள் என்று சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். முந்தாநாள் வியாழக்கிழமை பதிவாயிற்று. என் கையெழுத்து வேறு யாருடையதோ போல இருக்கிறது என்று பதிவு அலுவலகத்தில் இன்னொரு முறை போடச் சொன்னார்கள், இரண்டாவது அதைவிட மோசம். கிறிஸ்துமஸ் கழித்துக் குடிபோகிறோம்.

புகையைப் பற்றி மாப்பிள்ளை கவலைப்பட வேண்டாம் என்று சொல். உருக்காலைப் புகைக்கு நடுவில் குடித்தனம் வைத்துக்கொண்டு, மாமனாருக்குக் காற்றோட்டமான இடமாகப் பார்க்கச் சொல்லி இரண்டு பக்கம் எழுதுகிறவர் அவர், எந்த நேரத்தில் துணி உலர்த்தினால் கரி படியாது என்று உன் அம்மாவுக்கு நீயே எழுதிவிடு, உபயோகமாயிருக்கும். நீ சரியான நேரத்துக்குச் சாப்பிடு. பள்ளிக்கூட வேலையை வீட்டுக்கு எடுத்துவந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு இருமல் நிற்கும்வரை அவர் சொல்வதைக் கேட்காமல் கஷாயம் கொடு.

ஒன்று மட்டும் மறவாதே. பதிவு முடிந்து வந்ததும் கோவிந்தம்மாவிடம் போய், அந்தச் சந்து வழியை அடைக்கமாட்டேன், வேண்டுமானால் முத்திரைத்தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். அவள், "எனக்குப் படிக்கத் தெரியாது நைனா, நீ சொன்னா போதும்" என்றாள். நானும் சொன்னேன். என் ஆயுளில் காகிதமில்லாமல் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான். அவள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள், நான்தான் தூங்கவில்லை. எனக்கும் உன் அம்மாவுக்கும் பிறகு இந்த வீடு உன்னுடையது. அப்போது அந்தப் பக்கத்து மண் இன்னும் விலை ஏறியிருக்கும், மதில் எழுப்பி அந்தச் சந்து நிலத்தையும் சேர்த்து விற்றால் லாபம் என்று உனக்குப் புத்தி சொல்ல நிறையப் பேர் வருவார்கள். பத்திரத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால் உனக்கு எழுதுகிறேன். தென்பக்கம் மதில் எழுப்பாதே, கூடைகள் போகட்டும். இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் உன் பெட்டியின் அடியில் வைத்துக்கொள்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் காத்து, உங்கள் வரவையும் போக்கையும் ஆசீர்வதிப்பாராக. உன் அம்மாவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ஞா. தேவப்பிரியம்