நாற்பத்து மூன்றாவது கல்

இஞ்சாருங்கோ, உங்களுக்குத்தான். வேறு எப்படிக் கூப்பிடுவது? முப்பத்து நாலு வருசம் இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லித் தொடங்கினால் யாருக்கோ கடிதம் என்று திரும்பியும் பார்க்க மாட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும், அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று மகள் கேட்டாள். கல்லோடேயே வாழ்ந்த மனுசனுக்குக் கல்வெட்டு பொருத்தம்தான். ஆனால் உங்களைப் பற்றி ஊருக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. உங்களிடம் சொல்லத்தான் ஒன்று இருக்கிறது. வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

முதலில் இங்கத்தைய புதினம். ரொறன்ரோவில், எங்கள் டோர்செட் பார்க்கில் பனி கரைந்துவிட்டது. இந்த மாத முடிவில் அப்பார்ட்மென்ற்றை விட்டு மார்க்கம் நகரத்தில் மகள் வீட்டுக்குப் போகிறேன். எனக்குத் தனி அறை தருகிறார்கள். உங்கள் இரும்புப் பெட்டிக்குத்தான் இடம் இல்லை. மருமகன் பண்பாகத்தான் கேட்டார்: "மாமி, உந்தக் கல்லெல்லாம் என்ன செய்யப் போறியள்?"

மகள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாள். புவிச்சரிதவியல் பகுதியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து நிலத்தில் சப்பாணி கொட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் எண்ணும் இடமும் எழுதி ஒட்டியிருக்கிறது, எங்களுக்கு வேண்டும் என்றாள். ஒன்றே ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தாள். எங்கே எடுத்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் கல்லாம். உங்கள் வாயிலிருந்து வந்த அதே வார்த்தை.

அந்த நாளுக்குத்தான் என் மனம் திரும்பத் திரும்பப் போகிறது. கானாவில் நீங்கள் கல் பார்த்த உத்தியோகம் முடிந்து, குமாசி வீட்டில் சாமான் கட்டிய நாள். பள்ளிக்கூட விடுமுறைகளில் என்னையும் மகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவீர்களே, அந்தப் பயணங்களில் எடுத்த கற்களை மட்டும் உங்களுக்கென்று வைத்திருந்தீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிளாஸ்ரர், அதில் மையால் எண்ணும் இடமும். கனடாவுக்குள் மண் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று யாரோ என்னிடம் சொன்னார்கள். நீங்கள் டிக்கற் எடுக்கப் போன நேரம், எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். செம்மண்ணும் போனது, பிளாஸ்ரரும் போனது.

பாயில் காயவைத்துவிட்டுப் பெருமையாக நின்றேன். நீங்கள் வாசலில் நின்று கற்களைப் பார்த்தீர்கள், பிறகு என் கைகளைப் பார்த்தீர்கள்.

"வடிவாக் கழுவியிருக்கிறீர், கமலம்."

அவ்வளவுதான். என்ன பிழை விட்டேன் என்று நானாகத் துருவித் துருவிக் கேட்டபோதுதான் சொன்னீர்கள், இடம் தெரியாத கல் வெறும் கல் என்று. ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

ரொறன்ரோவின் முதல் பனிக்காலத்தில் நான் வாயே திறக்கவில்லை, ஞாபகமா? இருநூறு கோடி வருசக் கல்லை வாசிக்கத் தெரிந்த உங்களிடம் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் எத்தனை வருசம் என்று கேட்டார்கள். கடைசியில் கார் உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினீர்கள். கற்களாவது எண்ணோடு இருந்திருந்தால் யாரிடமாவது காட்டியிருக்கலாமே என்று என் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு கல்லைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து என் கையில் வைத்தீர்கள்.

"இது எங்க எடுத்தது? உமக்கு ஞாபகம் இருக்கோ?"

எனக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்? யாழ்ப்பாணத்துக்காரிக்குத் தெரிந்த ஒரே கல் கிணற்றுக்குள் தெரிகிற சுண்ணாம்புக் கல். ஆனால் எந்த இடத்தில் என்ன சாப்பிட்டோம் என்று மட்டும் எனக்கு மறக்காது. ஈரம் பட்டதும் அந்தக் கல்லில் வரிவரியாக அலை எழுந்தது. மழையில் நனைந்து, ஜீப்புக்குள் இருந்து பாணும் டின்மீனும் சாப்பிட்ட நாள் என்றேன். அப்படியென்றால் குவாஹு மலை என்றீர்கள். சுவர் போல நீளத்துக்கு நிற்கிற அந்த மணற்கல் மலை ஒரு காலத்தில் ஆழமில்லாத தண்ணீருக்கு அடியில் கிடந்ததாம். தண்ணீர் போய்விட்டது, அதன் அலை மட்டும் என் கையில் இருந்தது.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. வெளியே பனி கொட்டும், நாங்கள் கானாவில் நடப்போம். தார்க்குவாவில் எடுத்த கல் எள்ளுருண்டை மாதிரி இருக்கும். பழைய ஆறு ஒன்று உருட்டி வந்த வெள்ளைக் கூழாங்கற்கள் ஒன்றோடொன்று இறுகிப் போய், இடுக்கில் கண்ணுக்குத் தெரியாத பொன். அது மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் சாப்பிட்ட நாள். பிரிம் ஆற்றின் பெயரைச் சூடிய பச்சைக் கறுப்புக் கல், இருநூறு கோடி வருசம். ஒன்ராறியோவின் வடக்கிலும் இப்படிக் கல் உண்டு, அது இதற்கும் மூத்தது, தமையன் முறை என்றீர்கள். முறை சொன்ன பிறகுதான் இந்த நாடு எனக்குக் கொஞ்சம் அந்நியம் குறைந்தது.

பொசும்ட்வி ஏரிக் கல்லை மட்டும் நீங்கள் கேட்கும் முன்னே சொல்லிவிட்டேன். பத்து லட்சம் வருசத்துக்கு முன் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்து, குழி பறித்து, குழி ஏரியானது. அந்தச் சூட்டில் உருகிய கண்ணாடித் துணுக்குகள் கல்லுக்குள் இருக்கின்றன. இறந்தவர்களின் உயிர் கடவுளிடம் விடைபெற அந்தக் கரைக்குத்தான் வரும் என்று அங்கத்தைய சனங்கள் சொன்னார்கள். எதற்கும் ஆதாரம் கேட்கிற நீங்கள் அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றீர்கள். இப்போது அந்த வழியால்தான் போனீர்களா? தண்ணீர் அதே போல அசையாமல் கிடக்கிறதா?

இரண்டு பனிக்காலத்தில் நாற்பத்திரண்டு கல்லுக்கும் எண் திரும்பி வந்தது. நான் பேசவும் தொடங்கிவிட்டேன். ஒரு கல் மட்டும் மிஞ்சியது. அதையும் விடாமல் ஆறு வருசம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், என் கையில் வைத்துக் கேட்டீர்கள்.

போன கிழமை பெட்டியைத் துடைத்தேன். அடியில் விரித்திருந்த பழைய பத்திரிகைக்குக் கீழே உங்கள் கொப்பி இருந்தது. கானாவில் மழையில் நனைந்து உப்பிய அதே கொப்பி. திறந்தால், ஒவ்வொரு கல்லும் பென்சிலால் வரைந்திருக்கிறது. முன்பக்கம், பின்பக்கம், நீளம், அகலம், எந்த மூலையில் வெடிப்பு என்பது வரை. பக்கத்தில் எண்ணும் இடமும். ஒரே நாளில், ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள், எல்லா எண்ணையும் திரும்ப ஒட்டியிருக்கலாம். நான் எங்கே என்ன சாப்பிட்டேன் என்று உங்களுக்குத் தெரியத் தேவையே இருக்கவில்லை.

ஏன் என்னைக் கேட்டீர்கள்? நிலத்தில் இருந்து கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை.

சரி, இப்போது என் முறை. நாற்பத்து மூன்றாவது கல் உங்களுடையது அல்ல, என்னுடையது. குமாசி வீட்டுப் பின்வளவில் பொறுக்கி, பத்து வருசம் நான் இஞ்சி குத்திய கல். கழுவின அன்று மற்றக் கற்களோடு கலந்துவிட்டது. நீங்கள் முதன்முதல் அதை என் கையில் வைத்த ஞாயிறே எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துவிடும். அதனால் ஞாபகம் வரவில்லை என்று பொய் சொன்னேன். ஆறு வருசமாகச் சொன்னேன்.

ஆனால் உங்கள் கொப்பியில் இருப்பது நாற்பத்திரண்டுதானே. எண்ணத் தெரியாத மனுசனா நீங்கள்? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று கல்லில் பார்த்துச் சொல்கிறவருக்கு, இஞ்சி தேய்த்த தேய்மானம் தெரியாதா? கடைசியாக, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் ஞாயிறு, அதைக் கனநேரம் மூக்கருகில் வைத்திருந்துவிட்டு என்னிடம் தந்தீர்கள்.

"இன்னும் யோசியும், கமலம். அவசரமில்லை."

சனிக்கிழமை அந்தப் பெண் வந்து நாற்பத்திரண்டையும் கொப்பியையும் எடுத்துப் போவாள். உங்கள் பெயரை எழுதி வைப்பார்களாம். மற்றது என்னோடு மார்க்கத்துக்கு வருகிறது. அதற்கு எண் ஒட்ட மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் குழாயில் நனைத்துக் கையில் வைத்திருப்பேன். நீங்கள் கேளுங்கள். ஞாபகம் வரவில்லை என்றுதான் சொல்வேன், இது சத்தியம்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி
கமலம்