ஹிபாக்கின் அட்டை

ஹிபாக்கின் அப்பாவுக்கு,

இப்போது முகாமில் புது நர்ஸ் கூடாரம் கூடாரமாக வருகிறாள். அட்டையைக் கேட்பதில்லை, பிள்ளையைத்தான் பார்க்கிறாள்.

ரேஷன் குறைந்துவிடும் என்று ஹிபாக் இறந்ததை மறைத்தோமே, பின்னால் பிறந்த உபாவை அதே ரேஷன் அட்டையில், ஹிபாக் என்ற பேரிலேயே வளர்த்தோமே. போன வருடம் தட்டம்மை ஊசிக்கு உபாவைத் தூக்கிக்கொண்டு போனேன். பழைய நர்ஸ் வாசலிலேயே அட்டையிலிருந்த ஊசிக் குறிப்பைப் பார்த்தாள்.

"ஹிபாக்குக்கு எப்பவோ ஊசி போட்டாச்சேம்மா. வயசுக்குப் புள்ள ரொம்பச் சின்னதா இருக்கே, ஒட்டகப்பால் குடு."

ஊசி போடாமலே உபாவைத் தூக்கிக்கொண்டேன். வரிசையில் நிற்காமல் தப்பித்தோம் என்று சந்தோஷமாகத் திரும்பினேன்.

சென்ற மாதம் இங்கே தட்டம்மை பரவியது.

கரீஸாவிலிருந்து நீங்கள் உபாவுக்கு அனுப்பிய சிவப்புச் செருப்பு வெள்ளிக்கிழமை வந்தது. அளவு சரியாகத்தான் இருந்திருக்கும்.

இந்த முறை அட்டையை நானே ரேஷன் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மனைவி