டபுள் இன்ஜினும் என் வாயும்

18 ஏப்ரல் 2023, செவ்வாய்

இன்று காலை மாரிகுப்பம்–பெங்களூரு ரயிலின் நான்காம் பெட்டியில், அகில உலகப் பேரறிஞனாகிய அடியேன் சொற்பொழிவாற்றினேன். தலைப்பு: 'டபுள் இன்ஜின் சர்க்கார்'. டெல்லியிலும் பெங்களூரிலும் ஒரே கட்சி ஆண்டால் இரட்டை வேகமாம். தேர்தல் சமயமாயிற்றே. "நம்ம ரயிலுக்கும் ரெண்டு இன்ஜின் மாட்டினா, டீ ஆறறதுக்குள்ள டெல்லிதான்!" என்றேன். பெட்டியே குலுங்கியது.

என் சிநேகிதன் சைலஸ் மட்டும் சிரிக்கவில்லை. இருபது வருடம் இன்ஜின் ஓட்டியவன். "வேகத்துக்கு இல்ல தங்கவேலு. மேட்டுல ஒண்ணால இழுக்க முடியலன்னாதான் இன்னொண்ணு மாட்டுவாங்க. ரெண்டும் ஒத்துப் போவலன்னா நடுவுல கோத்திருக்கிற கப்ளிங் பிச்சிக்கும்."

என் கைத்தட்டலை அவன் பறிப்பதா? "ஓடாத இன்ஜினையும் கோத்து இழுத்துட்டுப் போவாங்களே, அதுக்கு இன்னாபா பேரு? டெட் இன்ஜின்! நம்ம சைலஸ் மாதிரி. சிக்னல் கலர் தெரியலன்னு கண்ணு டெஸ்ட்ல ஃபெயிலாகி ஆபீஸ்ல உக்கார வச்சிட்டாங்க!"

ஒரே சிரிப்பு.

அதை அவன் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். ஊருக்கு அவன் சொன்னது பிரமோஷன் என்று.

19 ஏப்ரல், புதன்

சைலஸ் வரவில்லை. "இன்னா மாமா, டெட் இன்ஜின் ஷெட்டுக்குப் போயிடுச்சா?" என்றான் தினமும் எங்கள் பெட்டியில் வரும் பரத். எல்லோரும் சிரித்தார்கள். நானும் — சிரிச்சேனே. ஏன் சிரிச்சேன்?

21 ஏப்ரல், வெள்ளி

சைலஸ் இப்போது கடைசிப் பெட்டியில் போகிறானாம்.

23 ஏப்ரல், ஞாயிறு

ஆண்டர்சன்பேட்டையில், சர்ச் முடிந்து வந்த சைலஸ் மகள் வின்னி வழிமறித்தாள். "மாமா, அப்பாவுக்கு பிரமோஷன்னு காலேஜ் பூரா சொல்லி வச்சிருக்கேன். நீங்க ரயில்ல சொன்னது நெசமா?"

"அது... சும்மா தமாஷுக்கு..."

"தமாஷா, நெசமா?"

கோலார் தங்கத்தையெல்லாம் என் தாத்தா ஒருவரே வெட்டினார் என்று சாதித்தவன் நான். இத்தனை வருஷமா பொய்யா அளந்துட்டு, வேண்டிய நேரத்துல ஒண்ணுகூட வாயில வரல. அவள் போய்விட்டாள்.

24 ஏப்ரல், திங்கள்

கடைசிப் பெட்டியில் ஏறினேன். சைலஸ் ஜன்னலோரம். பெரிய உரையொன்று தயாரித்திருந்தேன். "தப்புடா" என்பதற்கு மேல் நகரவில்லை.

பங்காருப்பேட்டை தாண்டித்தான் வாய் திறந்தான். "வின்னி கேட்டா. நெசத்தச் சொல்லிட்டேன். ராத்திரி சாப்பிடல அவ."

மாலூர் நெருங்கியதும்: "நீ உன் பெட்டிக்குப் போ. தேடுவாங்க."

மாலூரில் இறங்கி ஓடி நான்காம் பெட்டியில் ஏறினேன். பரத் இடம் பிடித்து வைத்திருந்தான். "இன்னிக்கு இன்னா தலைப்பு மாமா?"

"ஒண்ணுமில்லபா" என்றேன். உட்காரவில்லை. ஒயிட்ஃபீல்டு வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.