நான் கேட்காத புகாரில் என் கையெழுத்து

அனுப்புநர்:
கே. வசுமதி (பார்வையற்றவர்),
த/பெ. கேசவன்,
பள்ளிக்கூடத் தெரு, நெம்மேலி,
மாமல்லபுரம் வழி, காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
ஊனமுற்றோருக்கான மாநில ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: மாமல்லபுரம் தங்கும் விடுதி உரிமையாளர் திருமதி அமீனா பீவியின் இணையதளம் பார்வையற்றோருக்குப் பயன்படவில்லை என என் பெயரில் தரப்பட்ட புகார் – என்னை ஏமாற்றிப் பெறப்பட்டது – அதன் மேல் நடவடிக்கையை நிறுத்தவும், ஏமாற்றியவரை விசாரிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களிடம் வருகிறவர்கள் நடவடிக்கை எடுங்கள் என்று கேட்பார்கள். நான் எடுக்காதீர்கள் என்று கேட்க வந்திருக்கிறேன். இதைக் கேலியாக எண்ணாமல் முழுவதும் படிக்குமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் பிறவியிலேயே பார்வையற்றவள். செங்கல்பட்டில் கணினி பயின்றேன். மூன்று ஆண்டுகளாக அமீனா பீவி அம்மாவின் விடுதியில் தொலைபேசி எடுப்பதும் அறை பதிவு செய்வதும் என் வேலை. அதற்கு முன் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம், கண் தெரியாமல் எப்படி வேலை செய்வாய் என்று கேட்டார்கள். இந்த அம்மா ஒருவர்தான், "குரல் நல்லா கீது. நீ போன எடுத்தா வர்ற ஆளு ஓடாது. நாளைக்கே வந்துடு" என்றார்கள். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது.

2. சென்ற ஆண்டு விடுதிக்கு இணையதளம் தொடங்கினார்கள். அதன் ஆங்கிலப் பக்கத்தை என் கணினியில் உள்ள வாசிக்கும் மென்பொருள் ஒழுங்காக வாசித்துவிடும். திருவிடந்தைப் பெருமாளிடம் கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ள வரும் குடும்பங்களுக்காகத் தமிழ்ப் பக்கமும் உண்டு. அதில்தான் கோளாறு. பழைய எழுத்துருவில் செய்த பக்கம் அது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'அறை' என்று தாங்கள் பார்க்கும் இடத்தில் எனக்கு 'எம், ஐ, டபிள்யூ' என்று கேட்கும். இந்தக் கோடையில் இதைச் சொன்னதும் அம்மா அன்றே பக்கம் செய்த பையனைக் கூப்பிட்டு, "எங்க பொண்ணால படிக்க முடியலயாம்பா, மாத்திக் குடு" என்றார்கள். அவனும் ஆடி கழித்து மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தான். ஆகவே எனக்கு அவர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை.

3. இந்த நிலையில், இணையதளச் சட்ட ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு ஆதித்யா என்பவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி விடுதியாக வந்தார். அமெரிக்காவில் பெரிய பெரிய கடைகள் மேலேயே பார்வையற்றவர்கள் வழக்குப் போட்டுவிட்டார்கள், அடுத்தது இங்கேதான், தன்னிடம் சான்றிதழ் வாங்கி ஒட்டிக்கொண்டால் தப்பிக்கலாம் என்பது அவர் வியாபாரம். அம்மா சிரித்துவிட்டு, "எங்க லாட்ஜில போன் எடுக்கறதே கண்ணு தெரியாத பொண்ணுதான். எவன் வந்து என் மேல கேஸு போடுவான்?" என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்பதை அவர் அறிந்துகொண்டது அந்தப் பதிலில்தான்.

4. சில நாள் கழித்து அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். எல்லா இணையதளங்களும் எங்களுக்குக் கேட்கும்படி அமைய வேண்டும் என்று அரசுக்கு ஒரு பொதுக் கோரிக்கை தயாராவதாகவும், என்னைப் போன்றவர் கையெழுத்திட்டால்தான் அதற்கு மதிப்பு என்றும் சொன்னார். ஐயா, எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் அதுவரை யாரும் கருத்துக் கேட்டதில்லை.

ஆனாலும் கேட்காமல் கையெழுத்திட மாட்டேன் என்று கோப்பை அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். திறந்தால் அதுவும் அதே பழைய எழுத்துரு. எம், கே, பி என்று என் கணினி உளறிக்கொண்டே போனது. அதை அவரிடம் சொன்னபோது, "பாத்தீங்களா மேடம், இதுக்குத்தானே நாம போராடறோம்" என்று சொல்லி, அவரே தொலைபேசியில் படித்துக் காட்டினார். அவர் படித்ததில் அம்மாவின் பெயர் இல்லை. வழக்கு, இழப்பீடு என்ற பேச்சே இல்லை.

எனக்கு வரும் எந்தக் கடிதத்தையும் அம்மாதான் படித்துச் சொல்வார்கள். என் தகப்பனாருக்குக் கையெழுத்துப் போட மட்டுமே தெரியும். வங்கிக் கடிதமோ, உதவித்தொகைக் கடிதமோ, மதியச் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படிப்பார்கள். இந்த ஒரு தாளை மட்டும் அவர்களிடம் கொண்டு போகவில்லை. அவர்கள் இணையதளத்தைக் குறை சொல்வதுபோல ஆகிவிடுமே என்று கூச்சப்பட்டேன். பேருந்து நிறுத்தத்துக்கு அவர் அச்சிட்டுக் கொண்டுவந்த தாளில், அட்டையில் சன்னல் வெட்டி நான் வைத்திருக்கும் கையெழுத்துச் சட்டத்தை அவர் காட்டிய இடத்தில் வைத்து, ஒப்பமிட்டேன்.

5. அந்தப் புகார் தங்களுக்கு அனுப்பப்பட்டது. நகல் ஒன்று பதிவுத் தபாலில் விடுதிக்கு வந்தது. தபால்காரர் வந்தபோது முன் மேசையில் இருந்தவள் நான். என் பெயரில் போன புகாரை நானே ஒப்பமிட்டு வாங்கி, அம்மாவின் மேசைமேல் கொண்டுபோய் வைத்தேன்.

அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, என் கடிதங்களைப் படிக்கும் அதே குரலில் அதைப் படித்தார்கள். என் பெயர், என் ஊர், பார்வையற்ற என்னை அவமதித்து மன உளைச்சல் தந்தார் என்ற குற்றச்சாட்டு, பெருந்தொகை இழப்பீடு, கட்டத் தவறினால் விடுதியை மூடி முத்திரையிட வேண்டும் என்ற கோரிக்கை. பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"இன்னா வசுமதி இது? எதுனா வோணும்னா என்னாண்ட கேட்டிருக்கலாம்ல?"

எனக்கு இது தெரியாது என்றேன்.

"கையெழுத்து உன்னுதுதானே?"

ஆம் என்றேன்.

6. அன்று மாலையே இணையதளத்தை நிறுத்திவிட்டார்கள். என்னை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "இனிமே உன்னாண்ட ஒரு வார்த்த பேசணும்னாலும் எனக்கு பயமா கீதும்மா" என்று மட்டும் சொன்னார்கள்.

ஆதித்யா இப்போது அந்தப் புகாரின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, என் ஒப்பத்தைக் காட்டியே மற்ற விடுதிகளில் சான்றிதழ் விற்கிறார். என்னுடன் கணினி பயின்ற ஜெஸ்ஸிக்குப் போலியோவால் ஒரு கால் சரியில்லை. வேறொரு விடுதியில் வரவேற்பு மேசை வேலை உறுதியாகியிருந்தது. சேரப் போன அன்று, "உங்காளுங்கள வேலைக்கு வச்சா கேஸு போடுவீங்க, வேணாம்மா" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். எங்களை உள்ளே விடச் சொல்லும் சட்டத்தைக் காட்டியே எங்களை வெளியே நிறுத்துகிறார்கள், ஐயா.

7. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தை, நான் பயின்ற செங்கல்பட்டுப் பயிற்சி மையக் கணினியில் ஆங்கிலத்தில் முழுவதும் கேட்டேன். இணையதளத்துக்காக ஒரு தனியார் விடுதியை மூடலாம் என்று என் காதில் எங்கும் விழவில்லை. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அதற்காக, எங்களுக்குக் கேட்காத பக்கங்கள் அப்படியே இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அவை மாற வேண்டும். அதைச் சொல்ல வேண்டியது தங்கள் அலுவலகம், பயத்தை விற்றுப் பிழைப்பவர் அல்ல. மேலும், இதைப் 'பொய்ப் புகார்' என்று தள்ளிவிட்டால், நாளை இன்னொரு பார்வையற்றவர் உண்மையான குறையோடு வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள். ஏமாற்றிப் பெறப்பட்டது என்றே பதிவு செய்ய வேண்டுகிறேன்.

8. வேலை போன பிறகு அந்தக் கோப்பைப் பயிற்சி மையத்தில் மறுபடி திறந்தேன். 'எம், கே, பி, டி, எச்' என்று ஐந்து எழுத்து அதில் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய எழுத்துரு தெரிந்த ஆசிரியரிடம் அது என்ன என்று கேட்டேன். 'அமீனா' என்றார். நான் ஒப்பமிடும் முன்பே அந்தப் பெயர் அத்தனை முறை என் காதில் விழுந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே ஐயா, அந்தப் புகாரை நிறுத்திவைத்து, ஆதித்யாவை அழைத்து விசாரித்து, இதில் வசுமதிக்குப் பங்கில்லை என்று அமீனா பீவி அம்மாவுக்கு ஒரு வரியாவது எழுத வேண்டுகிறேன். நான் வாயால் சொன்னால் அவர்கள் இனி நம்புவதற்கில்லை.

இந்த மனுவை நானே தட்டச்சு செய்து, புதிய எழுத்துருவில் ஒவ்வொரு வரியையும் கேட்டுச் சரிபார்த்தேன். ஆனால் அச்சாகி வந்த தாளில் என்ன இருக்கிறது என்று என்னால் பார்க்க முடியாது. நான் கேட்டதுதான் இதில் இருக்கிறது என்று நம்பி, இன்னொரு முறை ஒப்பமிடுகிறேன்.

தங்கள் பதிலை என் காதுக்குக் கேட்கும்படி மின்னஞ்சலிலும் அனுப்பிவையுங்கள். தாளில் மட்டும் வந்தால், அதைப் படித்துச் சொல்ல எனக்கு இருந்தவர் அமீனா பீவி அம்மா ஒருவர்தான்.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
கே. வசுமதி

இடம்: செங்கல்பட்டு
நாள்: 24.08.2009