இன்னும் பெயர் வைக்காத மருந்து

தம்பிக்கு,

நம் சூய் பள்ளத்தாக்குக் காட்டுக் கஞ்சாவில் நீ கண்டுபிடித்து, இன்னும் பெயர்கூட வைக்காத அந்தச் சத்து வேலை செய்கிறது. "உன் தம்பி எலிக்குக் குடுக்கறத அனுப்பியிருக்கான், நான் என்ன எலியா?" என்று திட்டிக்கொண்டேதான் உன் அத்தான் குடித்தார். புற்று வலி நின்றுவிட்டது. ஆட்டிறைச்சி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

நான் நன்றாக இருக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். உன் எலிகள் தங்கள் கூட்டை மறந்தனவா? மறந்ததெல்லாம் திரும்ப ஞாபகம் வந்ததா?

ஒருநாள் மருந்தை நிறுத்திப் பார்த்தேன். "அய்ஜமால்! அய்ஜமால்!" என்று என் பெயரைச் சொன்னார். சொல்லிச் சொல்லி வலியில் அலறினார். தாங்க முடியாமல் மறுபடியும் கொடுத்துவிட்டேன்.

இப்போது "வாங்கம்மா, நீங்க எந்த ஊரு?" என்று என்னை உபசரித்து அவரே தேநீர் ஊற்றித் தருகிறார். அனுப்ப மனமில்லாத விருந்தாளிக்கு நாம் அரைக்கிண்ணம்தானே ஊற்றுவோம்? எனக்கும் அரைக்கிண்ணம்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். அதை வைத்தே நாட்களை ஓட்டினேன்.

இன்று சாயங்காலம் கிண்ணம் தளும்பத் தளும்ப ஊற்றி நீட்டினார்.

"இருட்டறதுக்குள்ள உங்க வீட்டுக்குப் போய்ச் சேருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் தேடுவாரு."

அந்தத் தேநீரை நான் இன்னும் குடிக்கவில்லை. சீக்கிரம் பதில் எழுது.

உன் அக்கா